ஒரு மாணவனின் வினா

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை கேட்டபோது தயங்கினேன். உயிர்வேதியியல் கற்பிக்கும் எனக்குத் தமிழன்பு உண்டே தவிர, புலமை இல்லை. எனினும் நெடுநாளாக நெஞ்சை உறுத்தும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல இதுவே தக்க இடம் எனத் துணிந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், எமில் ஃபிஷர் 1894இல் தந்த பூட்டு–திறவுகோல் உவமையை விளக்கி, "ஒரு நொதிக்கு ஒரே வேலை" என்று பாடத்தை முடித்தேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அப்படியானால் புதிய வேலைக்குரிய நொதி எங்கிருந்து வரும்?" என்றான். "பாடத்தில் உள்ளதை மட்டும் கேள்" என்று அமர்த்தினேன். வகுப்பு சிரித்தது. அதன்பின் அவன் வினா எழுப்பவே இல்லை.

பழங்கால நொதிகள் பல பொருள்களின்மீது செயற்பட்டன என்றும், மரபணு இரட்டித்தபின் அவை தனித்தனி வேலைகளில் தேர்ந்தன என்றும் ராய் ஜென்சன் 1976இலேயே எழுதியிருந்தார். நான்தான் படித்திருக்கவில்லை.

2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்று என் கண்ணைத் திறந்தது. அமெரிக்காவில் மட்சுமுராவின் குழுவினர், இன்றியமையாத ஒரு மரபணுவை இழந்து, எளிய குளுக்கோஸ் ஊடகத்தில் வளரவியலாத 104 வகை ஈ.கோலை பாக்டீரியங்களை எடுத்துக்கொண்டனர். அதே பாக்டீரியத்தின் பிற மரபணுக்களைப் பிளாஸ்மிட்டில் ஏற்றி, பல படிகளாக அவற்றுள் செலுத்தினர். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மீண்டும் வளர்ந்தது!

செரைன் ஆக்கத்தின் இறுதிப்படியில் பாஸ்பேட்டை நீக்குவது செர்பி மரபணுவின் நொதி. அது இல்லாத பாக்டீரியத்தைக் காத்தவற்றுள் ஒன்று, ஹிஸ்டிடின் ஆக்கத்துக்குரிய ஹிஸ்பி. அதன் நொதியும் வேறொரு பொருளிலிருந்து பாஸ்பேட்டை நீக்குவதே. செரைன் வழியில் அதன் திறன் மிகச் சிறிது. ஒரு படி மரபணுவால் பயன் தெரியாது. கசியும் குடம் ஒன்று தாகம் தீர்க்காது. நூறு குடங்களின் கசிவு தீர்க்கும். படிகள் பெருகியதும் நொதி மிகுந்தது. மறைந்திருந்த பக்கச்செயல் உயிரைக் காத்தது. எல்லா மீட்பும் இவ்வழியே நிகழ்ந்ததன்று. சிலவற்றின் வழி வேறு.

ஆய்வகத்தில் மனிதர் செய்த இப்பெருக்கம் இயற்கையிலும் நிகழ்வதே. சால்மோனெல்லாவில் இரு வேலைகளையும் அரைகுறையாகச் செய்த ஒரு மரபணு பல படிகளாகப் பெருகி, 3000 தலைமுறைகளுக்குள் தனித்தனி வேலைக்குரிய மரபணுக்களாகப் பிரிந்ததை 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. அம்மாணவனின் வினாவுக்கு அதுவே விடை.

இன்றும் பூட்டையும் திறவுகோலையும் கற்பிக்கிறேன். உடனே அவன் வினாவையும் சொல்கிறேன். அவன் எங்கிருக்கிறானோ அறியேன். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், தவறு வினாவில் இல்லை, விடையறியாத ஆசிரியனிடமே இருந்தது என்று அறிவானாக. மாணவச் செல்வங்களே, தயங்காமல் கேளுங்கள். விடை தெரியாவிடில் தெரியாதென்று சொல்ல நாங்களும் கற்றுக்கொள்கிறோம்.