ரிங் மாட்டும் முன் ஒரு அளவு

அப்பாவின் அம்பாசிடர் நீலப் புகை விட ஆரம்பித்ததும் இன்ஜினை இறக்கிவிட்டோம். 1489 சிசி பெட்ரோல், நாலு பிஸ்டன். சிலிண்டரின் உள்துளை, அதாவது போர், அதிகம் தேயவில்லை. ஹோனிங் செய்து ரிங் செட் மட்டும் மாற்றினால் போதும் என்றார் பட்டறை அண்ணன்.

பலர் புது ரிங்கைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து நேராகப் பிஸ்டனில் மாட்டிவிடுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பாது. ஒவ்வொரு ரிங்கையும் முதலில் அதனதன் போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்துத் தள்ளி மட்டமாக்க வேண்டும். பிறகு இரண்டு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜ். 73 மில்லிமீட்டர் போருக்குக் கால் மில்லிமீட்டரை ஒட்டி இடைவெளி இருந்தால் நிம்மதி. ரொம்பக் குறைந்தால் ஆபத்து: சூட்டில் ரிங் விரியும், முனைகள் முட்டும், ரிங் உடையும், இல்லையென்றால் போரைக் கீறிவிடும்.

எங்கள் செட்டில் ஒரு ரிங்கில் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. அண்ணன் சின்ன அரத்தை வைஸில் கடிக்க வைத்து, ரிங் முனையை ஒரே திசையில் லேசாக இழுப்பார், போரில் விட்டு அளப்பார், மறுபடி இழுப்பார். அந்தப் பொறுமையைப் பார்க்கவே கொடுத்துவைத்திருக்க வேண்டும். பிஸ்டன் காடியில் இறுகிய கரியைச் சுரண்ட அவர் எடுத்தது உடைந்த பழைய ரிங் துண்டு. அளவு அச்சாகப் பொருந்துகிறது!

ரிங்கில் உள்ள ‘டாப்’ என்ற எழுத்து மேலே பார்க்க, இடைவெளிகள் ஒரே நேர்கோட்டில் வராமல் திருப்பி வைத்து, ஆயில் தாராளமாக ஊற்றி இறக்கினோம்.

புது ரிங் போட்டவர்கள் வண்டியை வெறும் ஐடிலில் நிறுத்தி வைக்காதீர்கள். அளவான லோடில் ஓடினால்தான் ரிங் போரில் பதியும்.