மனுதாரர் தரப்பு 9ஆம் சான்றாவணம்

"நாக் அவுட் ஆட்டங்கள் ஐந்திலும் மனுதாரர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை என்றால் சரிதான்."

திண்டிவனம் நீதிமன்றத்தில் எங்கள் மூன்றாம் சாட்சியின் குறுக்கு விசாரணை இப்படித்தான் தட்டச்சாகியிருக்கிறது. கேட்டவர் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல். சொன்னவர் ஒரு பி.டி. மாஸ்டர். நம் கோர்ட்டு வழக்கப்படி கேள்வியும் பதிலும் ஒரே வாக்கியமாகிச் ‘சரிதான்’ என்று முடியும். அந்தச் ‘சரிதான்’ விழுந்ததும் என் குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் கேஸ் கட்டைப் புரட்டுகிற மாதிரி பாவனை செய்தேன்.

கட்சிக்காரப் பையனுக்கு வயது 21. விழுப்புரத்தில் பயிற்சி முடித்துத் திண்டிவனத்துக்கு பைக்கில் திரும்பும்போது, கூட்டேரிப்பட்டு அருகே பின்னால் வந்த கார் தூக்கிப் போட்டது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் ஆபரேஷன். உயிருக்கு ஆபத்தில்லை, வலது முழங்கால்தான் முன்போல் மடங்கவில்லை. மருத்துவக் குழு கொடுத்த ஊனச் சான்று 30 விழுக்காடு.

மோட்டார் விபத்து வழக்கு நடத்துகிறவர்களுக்கு, 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு மனப்பாடம். உடம்பில் எத்தனை விழுக்காடு போனது என்பது வேறு, பிழைப்பில் எத்தனை போனது என்பது வேறு. இடது கை போனால் தச்சருக்குப் பிழைப்பே போகும். குமாஸ்தா அதே மேசையில் உட்காரலாம். ஆக, இவன் பிழைப்பு ஹாக்கி என்று நான் காட்டியாக வேண்டும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதை நம்பித்தான் ஆடினான். எதிர்த்தரப்பு அங்கேதான் பிடித்தது: முக்கியமான ஆட்டத்தில் கோல் அடிக்காதவன் என்ன ஸ்டார்?

உண்மையைச் சொன்னால், முதலில் நானும் கோலைத்தான் தேடினேன். விழுப்புரத்துக்கு இரண்டு முறை அலைந்து ஸ்கோர் ஷீட் நகல்களை வாங்கினேன். ஒரு லீக் ஆட்டத்தில் நாலு கோல் இருந்தது. சந்தோஷமாக மாஸ்டரிடம் காட்டினேன். "அது புள்ளப்பூச்சி டீம் சார், விடுங்க" என்றார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கியபோது தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0 என்று அடித்தோம். ஸ்பெயினுடன் இறுதி ஆட்டம் 4-3, மூச்சு முட்டி ஜெயித்தது. "அந்த 31 கோலையும் இந்த நாலையும் ஒரே தராசுல வைப்பீங்களா சார்?"

"அப்ப இவன் என்னதான் செஞ்சான்?" என்றேன்.

மாஸ்டர் என் ஆபீஸ் தரையிலேயே சாக்பீஸால் ‘டி’ வரைந்தார். பெனால்டி கார்னர் என்றால் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்க நிற்கலாம். பந்து உள்ளே தள்ளப்பட்டதும் அதில் ஒருவன் நேராக ஓடுவான், அடிக்கப் போகிறவன் மேலேயே. அவன்தான் ரஷ்ஷர். ‘டி’யின் விளிம்பு கோலிலிருந்து ஏறக்குறைய 15 மீட்டர். அங்கிருந்து கிளம்புகிற பந்தை மட்டையில் வாங்க வேண்டும், தவறினால் முழங்காலில். "செம்மண் தரையில எப்படி எகிறும்னே சொல்ல முடியாது சார். இவன் ஓடுவான்."

பையன் காலை நீட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் நிக்கிற இடம் அது இல்ல மாஸ்டர், இன்னும் ரெண்டடி இடது பக்கம்." மாஸ்டர் அழித்துவிட்டு மறுபடி வரைந்தார்.

அவர் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. எதிரணிக்குக் கிடைத்த ஒவ்வொரு பெனால்டி கார்னருக்கும் ஒரு கோடு; ரஷ்ஷர் போய்ச் சேர்ந்தானா, பந்து எங்கே போனது என்று பென்சில் குறிப்பு. அதைத்தான் 9ஆம் சான்றாவணமாகக் குறியீடு செய்தோம்.

எதிர் வக்கீல் லேசுப்பட்டவர் அல்ல. "தடுத்தது கோல்கீப்பரா, மனுதாரரா? பிரித்துச் சொல்ல முடியுமா?"

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "முடியாது."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்த சாட்சியாக இருந்தால் ‘மனுதாரர்தான்’ என்று அடித்துச் சொல்லியிருப்பார். நீதிபதி நிமிர்ந்து, "ஏன் முடியாது?" என்றார்.

"ஐயா, இவன் மேல வர்றான்னு தெரிஞ்சாலே அடிக்கிறவன் அவசரப்படுவான். பந்து வெளிய போயிடும். அது யார் கணக்குலயும் வராது."

நீதிபதி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

வாதத்துக்கு வந்தபோது பாரிஸ் ஒலிம்பிக் முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. 10 கோல் அடித்த ஹர்மன்பிரீத் எல்லார் வாயிலும் இருந்தார். நான் அமித் ரோகிதாஸை எடுத்தேன். பெனால்டி கார்னரில் முதலில் ஓடுகிறவர் அவர். காலிறுதியில் சிவப்பு அட்டை, ஒரு ஆட்டத் தடை. 2024 ஆகஸ்ட் 6, ஜெர்மனியுடன் அரையிறுதி, அவர் இல்லை. ஜெர்மனியின் முதல் கோல் கோன்சாலோ பெய்லாட் பெனால்டி கார்னரில் அடித்தது. 3-2 என்று தோற்றோம். ரோகிதாஸ் இருந்திருந்தால் அது விழுந்திருக்காது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது, நானும் பண்ணவில்லை. "மனுதாரர் பாரிசில் ஆடவில்லை, ஐயா" என்றார் எதிர் வக்கீல். கோர்ட்டே சிரித்தது. நானும்தான்.

நான் கேட்டது 70. தீர்ப்பில் 45 விழுக்காடு வருவாய் இழப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். நோட்டு, பயிற்சியாளரே எழுதியது, தனி ஆதாரமாக ஏற்க இயலாது என்று ஒரு பத்தி. அடுத்த பத்தியில், கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து மனுதாரரின் திறமையைத் தள்ளிவிட முடியாது என்றும், தனக்குப் பாதகமான பதிலையும் மறைக்காத மூன்றாம் சாட்சி நம்பத்தக்கவர் என்றும் இருந்தது. கூடுதலாக வந்த 15 விழுக்காட்டை வாங்கிக் கொடுத்தது அந்த ‘முடியாது’தான் என்பது என் கணக்கு.

சாயங்காலம் மாஸ்டர் போன் செய்தார். தொகை எவ்வளவு என்று கேட்கவில்லை.

"நோட்டை எப்ப சார் திருப்பித் தருவாங்க?"

அப்பீல் கெடு 90 நாள், கம்பெனி அப்பீல் போனால் இன்னும் இழுக்கும் என்றேன்.

"பின்பக்கத்துல புதுப் பசங்களோடதும் எழுதியிருந்தேன் சார்" என்றார்.