94-லேயே நின்ற கணினி

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். கணினியைப் பற்றித் தொடங்குகிறேன், ஆனால் சொல்ல வந்தது ஒரு தவறைப் பற்றி. தவறு என்னுடையது.

இரண்டு மாதத்துக்கு முன் தங்கை மகன் வந்திருந்தான். வந்ததும் வராததுமாகப் போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்து, "மாமா, வைஃபையில 280 வருது, சூப்பர்" என்றான். நான் பணம் கட்டுவது 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்புக்கு. சரி, நம் மேசைக் கணினியிலும் பார்ப்போம் என்று பார்த்தால் 94. மறுபடி 94. மறுநாள் காலையிலும் 94. வைஃபையைவிடக் கேபிள்தான் வேகம் என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கே தலைகீழாக இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். அதுவரை எனக்கு அப்படி ஒன்றும் குறை தெரியவில்லை. மகளோடு பேசும்போது அவ்வப்போது பத்து விநாடி படம் உறைந்து நிற்கும். "உங்க பக்கம் நெட் சரியில்லை போல" என்று அவளிடமே சொல்லிவிடுவேன். ஆனால் 94 என்ற எண்ணைப் பார்த்த பிறகு, 300-க்குக் காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறார்கள் என்று கோபம் வந்துவிட்டது. உடனே புகார் கொடுத்தேன்.

இணைப்புக் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும். கூடத்தில் இருக்கும் ரூட்டரில் தன் லேப்டாப்பைச் சின்னக் கேபிளால் செருகிப் பார்த்தார். 300 காட்டியது. "லைன்ல பிரச்சினை இல்லைங்க சார். உள் ரூமுக்குப் போற கேபிளை மாத்திப் பாருங்க" என்றார்.

அந்தக் கேபிள் நான் வாங்கி, நானே ஆணி அடித்துப் போட்டது. 2020 ஊரடங்கின்போது, ஆன்லைன் வகுப்புக்காக, ஒரு முழு நாள் ஸ்டூலில் ஏறி இறங்கிச் செய்த வேலை. எனக்குச் சுருக்கென்றது. "கேபிள் நல்லாத்தான் இருக்கு. நெட்தான் வருதே, கேபிள் கெட்டுப்போயிருந்தா எப்படி வரும்?" என்று கேட்டேன். அவரும் விளக்க முயன்றார். நான் காது கொடுக்கவில்லை. அவர் போனதும், வந்தவருக்கு வேலை தெரியவில்லை என்று எழுதி, ஒற்றை நட்சத்திரம் போட்டு அனுப்பினேன்.

அதன் பிறகு நானே களத்தில் இறங்கினேன். ஒரே மதியத்தில் ரூட்டரை அணைத்துப் போட்டேன், நெட்வொர்க் டிரைவரைப் புதுப்பித்தேன், டிஎன்எஸ் எண்ணை மாற்றினேன், ஆன்டிவைரஸை நீக்கினேன். எதை முதலில் செய்தேன், எதற்குப் பின் பரிசோதித்தேன் என்று ஒரு வரிகூடக் குறிக்கவில்லை. "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதும் அளவீட்டை எழுது" என்று ஆய்வகத்தில் உங்களை எத்தனை முறை அதட்டியிருப்பேன்! இதைப் படிக்கும் மாணவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

துப்புக் கொடுத்தது என் துணைவியார். ஒருநாள் மகளோடு பேசிக்கொண்டிருந்தபோது படம் உறைந்தது. "ஏங்க, நான் இந்தக் கதவைச் சாத்தும்போதெல்லாம் அது நிக்குது, கவனிச்சீங்களா?" என்றார். "கதவுக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்தேன். அவர் பேசாமல் எழுந்து போய்க் கதவைத் திறந்து சாத்தினார். படம் நின்றது. மறுபடியும் சாத்தினார். மறுபடியும் நின்றது.

என் சிரிப்பும் நின்றது.

அன்று இரவு பழைய வழக்கப்படி ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். அதே கேபிள், ரூட்டரில் வேறு துளை: 94. கணினியைக் கூடத்துக்குத் தூக்கிப்போய், ரூட்டரோடு வந்த சின்னக் கேபிளில் இணைத்தபோது: 298. அதே இடத்தில் என் நீளக் கேபிளைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டினால்: 94. முடிந்தது விஷயம். மூன்றே அளவீடு, அரை மணி நேரம்.

விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் 'லிங்க் ஸ்பீடு' என்று ஒரு வரி இருக்கிறது. நீளக் கேபிளில் அது 100/100 என்று காட்டியது, சின்னக் கேபிளில் 1000/1000. அதை முதல் நாளே பார்த்திருந்தால் யாரையும் கூப்பிட்டிருக்க வேண்டியதில்லை.

மறுநாள் அந்தக் கேபிளைக் கதவு நிலையிலிருந்து பிரித்து எடுத்தேன். கீல் பக்கம், நிலைக்கும் கதவுக்கும் நடுவே கொண்டுபோயிருந்தேன். கதவு சாத்தும்போதெல்லாம் அது நசுங்கியிருக்கிறது. தோலைக் கீறிப் பார்த்தால் உள்ளே நீலக் கம்பி அறுந்து கிடந்தது. ஆரஞ்சு ஒன்று அறுந்தும் அறாமலும் தொட்டுக்கொண்டிருந்தது.

நான் அந்தத் தம்பியிடம் கேட்ட கேள்விக்கான விடை இதுதான். அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். முறுக்குவதற்குக் காரணம் உண்டு: வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஜோடியின் இரண்டு கம்பிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்கும், மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துபோகும். 1995-இல் வந்த 100 எம்பிபிஎஸ் முறைக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடிகள் போதும். 1999-இல் வந்த ஜிகாபிட் முறைக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலம் அறுந்ததும், ரூட்டரும் கணினியும் ஆயிரத்துக்கு முயன்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிக்கொண்டன. வேலை நடந்தது, அதனால் எனக்குத் தெரியவில்லை. ஆரஞ்சு தொட்டு விலகியபோதெல்லாம் இணைப்பே அறுந்து மறுபடி கூடியது. மகளின் முகம் உறைந்தது அப்போதுதான்.

நூறு இருக்க ஏன் 94? ஒவ்வொரு பொட்டலமும் கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கும். முகவரி முதலியவை போக, நம் சரக்கு அதில் சுமார் 1460 பைட்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 94, 95 வரும். ஆகவே எப்போது சோதித்தாலும் மாறாமல் 94 நின்றால், அது வெளி லைனில் நெரிசல் அல்ல. நெரிசல் என்றால் எண் ஏறி இறங்கும். நடுவில் ஏதோ ஒன்று நூறில் ஓடுகிறது என்று பொருள்: கேபிளோ, ரூட்டரின் துளையோ, பழைய ஸ்விட்சோ.

புதிய கேட்-6 கேபிள் வாங்கி, கதவுப் பக்கமே போகாமல் சுவரில் துளையிட்டுப் போட்டாயிற்று. இப்போது 297, 298 வருகிறது. மகள் முகம் உறைவதில்லை.

பிறகு அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். "நீங்க சொன்னதுதான் சரி தம்பி. கேபிள்தான். நான் உங்களைப் பற்றி எழுதினது தப்பு" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பரவாயில்லைங்க சார். அந்த மாசம் இன்சென்டிவ் மட்டும் வரலை" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அலுவலகத்தைக் கூப்பிட்டேன். போட்ட நட்சத்திரத்தை மாற்ற வழியில்லை என்றார்கள். நடந்ததை முழுதாக எழுதி, தவறு என் வீட்டுக் கேபிளில்தான், அவர் முதல் நாளே சரியாகச் சொன்னார் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். 'பதிவு செய்துகொண்டோம்' என்று ஒரு வரி பதில் வந்தது. அவருக்குப் பணம் கிடைத்ததா என்று அடுத்த வாரம் மறுபடி கேட்பேன்.

செய்முறைத் தேர்வில் விடைக்கு ஏற்ப அளவீட்டைத் திருத்தி எழுதிய மாணவர்களுக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். இங்கே அந்தத் தம்பி என் கண்ணெதிரே எடுத்துக் காட்டிய 300 என்ற அளவீட்டை, எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகவே தள்ளிவிட்டேன். திருத்தி எழுதுவதைவிட இது எந்த விதத்தில் மேல்?

உங்களில் பலர் வீடு வீடாகப் போய் வேலை பார்க்கிறீர்கள். பலர் அப்படி வருபவர்களுக்கு நட்சத்திரம் போடுகிறீர்கள். போடுவதற்கு முன் உங்கள் கதவையும் ஒருமுறை திறந்து சாத்திப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் ஆசிரியர்