இலுப்பை மரத்தடியும் எதிர்க் கடைகளும்

1896 செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த பதினாறு வயது வேங்கடராமன், கையில் மிஞ்சிய மூன்று ரூபாய்ச் சொச்சத்தை அய்யங்குளத்தில் வீசி எறிந்தார். அவரே பின்னாளில் ரமண மகரிஷி. அவர் ஆசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையில், இன்று காசுக்குக் கிடைக்காத பொருள் உண்டோ? ருத்திராட்சம், காவித் துணி, இளநீர், இத்தாலியக் காப்பி!

வாசலைத் தாண்டினால் முற்றத்தில் கிழட்டு இலுப்பை மரம், நிழலில் மயில். புத்தகக் கடையைத் தவிர வியாபாரம் ஏதுமில்லை. பகலில் சாதுக்களுக்கு அன்னமிடுகிறார்கள்.

வெளியே வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன்.

"வியாபாரம் எப்படி?"

"பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வரும், சார். மத்த நாளிலே இவங்கதான்" என்று பெஞ்சிலிருந்த இரு கிழச் சாமியார்களைக் காட்டினார் கடைக்காரர்.

"காசு?"

"இருந்தாக் கொடுப்பாங்க" என்றபடியே அடுத்த டீயை ஆற்றினார்.