கையைத் தூக்க மாட்டேன் என்றவர்கள்

2010 நவம்பர் 13, விடியற்காலை. சான் டியேகோ விமான நிலையத்தில் ஒரு மென்பொருள் பொறியாளரை ஸ்கேனருக்குள் போய்க் கைகளைத் தூக்கி நிற்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். அப்படியானால் கையால் தடவித்தான் பார்க்க வேண்டும், தொடையிடுக்கு உட்பட என்றார்கள். அங்கே கை வைத்தால் போலீசில் பிடித்துக் கொடுப்பேன் என்றார் மனிதர். பெட்டியோடு இருந்த கைப்பேசி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. பயணம் போயிற்று, டிக்கெட் பணம் திரும்பியது. சோதனையைப் பாதியில் விட்டுப் போனால் 10,000 டாலர் வரை அபராதம் என்ற மிரட்டலும் கூடவே வந்தது. சில நாட்களில் அமெரிக்கா முழுக்க அவர் பேச்சுதான்.

அவர் கோபம் புரியாததல்ல. 2009 கிறிஸ்துமஸ் அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவன் உள்ளாடையில் வெடிமருந்தைத் தைத்துக்கொண்டு ஏறிவிட்டான். உலோகத்தை மட்டும் மோப்பம் பிடிக்கும் கதவுக்கு அது தெரியாது. அதனால் ஸ்கேனர்கள் மளமளவென்று வந்து இறங்கின. அவற்றில் எக்ஸ்ரே வகை, துணியைத் தாண்டி உடலின் வடிவத்தையே காட்டியது. வேறொரு அறையில் உட்கார்ந்து அதை ஓர் அதிகாரி பார்ப்பார். கதிர்வீச்சுப் பயம் ஒரு பக்கம், வெட்கம் மறுபக்கம்.

ஸ்கேனர் வேண்டாம் என்பவர் சொல்ல வேண்டியது இரண்டே சொல்: ‘ஆப்ட் அவுட்’. அதன்பின் நடப்பதுதான் சோதனை. அவரை ஓரமாக நிறுத்திவிட்டு, அவர் ஆணென்றால் ஆண் அதிகாரி, பெண்ணென்றால் பெண் அதிகாரி வேண்டும் என்று குரல் கொடுப்பார்கள். அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பையும் மடிக்கணினியும் பெல்ட்டின் மறுமுனைக்குப் போய், யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி அநாதையாகக் கிடக்கும். வந்தவர் கையுறை மாட்டி, எங்கெங்கே தொடப்போகிறேன் என்று பாடம் ஒப்பிப்பார். கேட்டால் தனியறை உண்டு. அந்தரங்க இடங்களில் புறங்கையால் தடவுவார். கடைசியில் கையுறையைத் துடைத்து, வெடிமருந்துத் தடம் இருக்கிறதா என்று கருவியில் பார்ப்பார். தொடுவதைவிடக் காத்திருப்பதே நீளம்.

மீனம்பாக்கத்தில் ஏறிப் பழகிய நம் ஆட்களுக்கு இதில் பாதி வேடிக்கையாகத் தெரியும். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரின் தடவலும், பெண்களுக்கான திரை மறைவும் இங்கே அன்றாடம். ஆனால் அங்கே புடவையே சந்தேகப் பொருளாகிவிடும். 2010 டிசம்பரில் மிசிசிப்பியின் ஜாக்சன் விமான நிலையத்தில் புடவை கட்டியிருந்த இந்தியத் தூதர் மீரா சங்கரைத் தனியே அழைத்துத் தடவிச் சோதித்தார்கள். டெல்லி கண்டித்தது, விதிப்படிதான் செய்தோம் என்றது அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை.

அதே ஆண்டு நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய தினம், எல்லோரும் ஸ்கேனரை மறுப்போம் என்றொரு அழைப்பு விடப்பட்டது. மறுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வரிசைகள் வழக்கம்போல் நகர்ந்தன. ஊருக்குப் போகிற அவசரத்தில் யாருக்குப் போராட நேரம்?

2013இல் அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து எக்ஸ்ரே ஸ்கேனர்கள் போய்விட்டன. மீதமுள்ள மில்லிமீட்டர் அலை ஸ்கேனர், எல்லோருக்கும் ஒரே பொம்மை உருவத்தைக் காட்டி, சந்தேக இடத்தில் மட்டும் கட்டம் போடுகிறது. தலைப்பாகைக்கும் அடர்ந்த கூந்தலுக்கும்கூடச் சில சமயம் கட்டம் விழும். அப்புறம் எப்படியும் தடவல்தான்.

மறுக்கும் உரிமை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் அதை விதியாகவே எழுதியது. அமெரிக்காவிலோ, 2015 டிசம்பர் முதல் சிலருக்கு ஸ்கேனரைக் கட்டாயமாக்கலாம். மறுப்பதென்று முடிவு செய்தவர்கள் அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். காத்து நிற்கும்போது, பை கண்ணில் படுகிற இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.