மூன்று இராசாக்கள் திருநாளும் திண்டிவனத்து இரவும்

ஆங்கில வருஷம் பிறந்து, ஒருவருக்கொருவர் வாழ்த்துக் கூறி முடித்து, இவ்வருஷமாவது இன்னது செய்வோம் என்று மனத்துக்குள் சங்கற்பம் செய்துகொண்ட சூடு ஆறுவதற்குள், ஜனவரி 6-ஆம் தேதி மூன்று இராசாக்கள் திருநாள் வந்துவிடுகிறது. திருக்காட்சிப் பெருவிழா என்று பூசைப் புத்தகம் சொன்னாலும், விழுப்புரம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பழைய பெயர்தான் பெரியவர்கள் வாயில் நிற்கிறது. இப்போது அத்தேதியை ஒட்டிவரும் ஞாயிற்றுக்கிழமையிலேயே அதைக் கொண்டாடுகிறோம். மார்கழிக் குளிரில், பெருமாள் கோவிலிலிருந்து திருப்பாவை ஒலிக்க, கோலங்களை மிதிக்காமல் ஓரமாக நடந்து நாங்கள் பூசைக்குப் போய்ச் சேரும்போது, கிறிஸ்துமஸ் முதல் குடிலுக்கு எட்டத்தில் நின்றிருந்த மூன்று சுரூபங்களும் ஒட்டகமும் குழந்தையின் அருகே கொண்டுவந்து வைக்கப்பட்டிருக்கும்.

கீழ்த்திசைச் சபைகளில் இத்திருநாள் டிசம்பர் 25-ஆம் நாள் கொண்டாட்டத்துக்கும் முற்பட்டது; அர்மீனியத் திருச்சபையார் இன்றும் கர்த்தருடைய பிறப்பையும் ஜனவரி 6-ஆம் தேதியிலேயே கொண்டாடுகிறார்கள். மத்தேயு எழுதிய சுவிசேஷமோ, வந்தவர்கள் அரசர்கள் என்றும் கூறவில்லை, மூவர் என்றும் கூறவில்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாயிருந்தமையால் மூவர் என்று பக்தர்கள் கொண்டனர். எனக்கு அக்கதையில் நெஞ்சைத் தைக்கும் இடம் நட்சத்திரமன்று, காணிக்கையுமன்று. எருசலேமில் ஏரோது அரசன் வேத பாரகரைக் கூட்டி, மேசியா எங்கே பிறப்பார் என்று வினவ, அவர்கள் தடுமாறாமல் பெத்லகேம் என்று தீர்க்கதரிசன வாக்கியத்தோடு விடை சொல்லும் இடமே அது. வேதம் அவர்கள் நாவில் இருந்தது. பெத்லகேமோ ஒன்பது கிலோமீட்டருக்குள் இருந்தது. ஆயினும் ஒருவர்கூட எழுந்து போனதாக மத்தேயு சொல்லவில்லை. வேதமறியாத தூரதேசத்தார் பாலைவனம் கடந்து வந்து விசாரித்தார்கள்; விடையறிந்தவர்கள் வீட்டிலிருந்தார்கள்.

இதைத் தியானிக்கும்போதெல்லாம் என் மனம் பெத்லகேமுக்குப் போகும் வழியில் திண்டிவனத்தில் இறங்கிவிடுகிறது. விழுப்புரத்தில் ரயிலேறினால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் கடந்து சேரும் அவ்வூரில், 1890-ஆம் வருஷத்தையொட்டி, ஆர்க்காடு அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜான் ஸ்கடர் என்னும் வைத்தியர் இருந்தார். 1819-இல் இலங்கைக்கு வந்த முதல் அமெரிக்க மருத்துவ மிஷனரியின் மகன் அவர். அவருடைய மகள் ஐடா, 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் படித்து, தாயாரின் நோய் காரணமாகத் துணைக்கு வந்திருந்தாள். தாய் தேறியதும் திரும்பிச் சென்று தனக்கென ஒரு வாழ்வு அமைத்துக்கொள்வது என்பதே அவள் தீர்மானம். பாட்டனும் தகப்பனும் செய்த ஊழியத்தை அவள் அறியாதவளல்லள். ஆனால் அது அவர்கள் வழி என்று இருந்தாள்.

ஓரிரவில் ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டினார். மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், வந்து உதவவேண்டும் என்றார். தனக்கு வைத்தியம் தெரியாது, தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்றாள் ஐடா. அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பது வழக்கமில்லை என்று அவர் திரும்பிப் போனார். அடுத்து ஒரு முகம்மதியர், அதே வேண்டுகோள், அதே மறுமொழி. மூன்றாவதாக உயர்ஜாதி இந்து ஒருவர். பொழுது விடிந்து சாவுப் பறை கேட்டு விசாரித்தபோது, அம்மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

தாயையும் பிள்ளையையும் நாடியே பெத்லகேமுக்கு அந்நியர் வந்தார்கள். இங்கே வந்தவர்களும் தாயையும் பிள்ளையையும் முன்னிட்டே வந்தார்கள். ஆனால் காணிக்கை ஏந்தி வரவில்லை, வெறுங்கையோடு வந்தார்கள். காட்சி கிடைத்ததும் அவர்களுக்கன்று, கதவைத் திறந்தவளுக்கு. கடவுள் எப்போதும் உள்ளேயிருப்பவர் வழியாகவே வெளியேயிருப்பவருக்குத் தம்மைக் காட்டுவார் என்று எண்ணிப் பழகிய நமக்கு இது பெரிய பாடம்: தேவசந்நிதானத்தில் வளர்ந்த பெண்ணுக்கு அவரைக் காட்டியவர்கள் அவளுடைய ஜெபத்தில் பங்குபெறாத மூன்று கணவன்மார். அவள் தன் மனத்தில் வகுத்திருந்த வழியை விட்டு வேறு வழியாய்ப் போனாள். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, வேலூருக்கு வந்து 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதும், 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்ததும், 1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளி திறந்ததும், அது இன்று சி.எம்.சி. என்று பேர்பெற்று நிற்பதும் நாடறிந்தவை.

ஆயினும் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேலூர் ஆஸ்பத்திரி எழும்புவதற்காகவே அம்மூவரும் மாண்டார்கள் என்று பிரசங்கங்களில் கேட்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. அந்த வீடுகளுக்கு அது வெறும் இழவு. அவர்களுடைய பெயரைக்கூட நான் படித்த எவ்வரலாறும் குறிக்கவில்லை. பெத்லகேமிலும் நட்சத்திரக் கதையின் மறுபக்கத்தில் ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளின் தாய்மார் அழுதுகொண்டிருக்கிறார்கள். மத்தேயு அந்த அழுகையை மறைக்கவுமில்லை, அதற்கு நியாயம் கற்பிக்கவுமில்லை. பிறர் துயரம் எனக்குக் காட்சியாக அமையலாம். அதனால் அத்துயரம் எனக்கென்று நேர்ந்ததாகிவிடாது.

இன்று அதே பாதையில், முண்டியம்பாக்கத்தில், 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எச்சாதிப் பெண்ணும் எம்மதப் பெண்ணும் அங்கே போய்ப் பிள்ளை பெறுகிறாள். அதைக் கடக்கும்போதெல்லாம் நன்றி சொல்லுகிறேன். மூன்று இராசாக்கள் திருநாளன்று ஒரு பூசைக் கருத்தும் எழுதிக் கொடுப்பேன். யாருக்காக என்று கேட்டால், திண்டிவனத்துத் தாய்மார் மூவருக்காக என்று சொல்லுகிறேன். அவர்கள் நம் வேதத்தாரா என்று கேட்பவருக்கு, அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சுவாமியார் மறுத்ததில்லை.