விரலுக்கும் பாதத்துக்கும் இடையே

யோகப் பயிற்சியைத் தொடங்கும் மாணவர் பலரும் முதல் வாரத்திலேயே கேட்கும் வினா ஒன்று உண்டு. "குனிந்தால் கை பாதத்தைத் தொடவில்லையே, எனக்கு யோகம் வருமா?" என்பதே அவ்வினா. கால்களை நீட்டி அமர்ந்து முன்னோக்கி வளையும் பச்சிமோத்தாசனத்தில் ஒருவர் நெற்றியை முழங்காலில் பதித்துவிடுகிறார். அருகிலிருப்பவரின் விரல்களோ முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகின்றன. விளையாட்டுத் திடலில் அறுபது பேர் வரிசையாக அமர்ந்திருக்கும்போது அந்த இரண்டு சாண் இடைவெளி ஒரு காதத் தொலைவாகத் தோன்றுகிறது. மறுநாள் அம்மாணவர் கடைசி வரிசைக்குச் சென்றுவிடுகிறார். அடுத்த வாரம் வயிற்றுவலி என்கிறார். நோயின் காரணமாக யோகத்தைக் கைவிட்டவர்களைக் காட்டிலும் நாணத்தின் காரணமாகக் கைவிட்டவர்களே மிகுதி எனலாம். ஆதலால் இவ்வினாவைச் சிரித்துத் தள்ளிவிடுதல் தகாது.

ஆசனம் என்பது உடலை வளைத்துக் காட்டும் வித்தைதானா? பழைய நூல்கள் அவ்வாறு கூறவில்லை. பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் 200க்கும் குறைவான சிறு தொடர்களால் ஆனது. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என யோகத்துக்கு எட்டு உறுப்புகளை அந்நூல் வகுக்கிறது. அவற்றுள் ஆசனத்துக்கென அது ஒதுக்கியவை மூன்றே சூத்திரங்கள். இருக்கை உறுதியாகவும் இனிதாகவும் அமைய வேண்டும் என்பதே அங்குக் கூறப்படும் இலக்கணம். பாதத்தைத் தொடுதல் பற்றியோ தலைகீழாய் நிற்றல் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அவ்வளவு ஏன், ஓர் ஆசனத்தின் பெயர்கூட அச்சூத்திரங்களில் இடம்பெறவில்லை! தமிழில் திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இவ்வெட்டு உறுப்புகளையும் விளக்குகிறார். ஆசனத்தை அவர் ஆதனம் என்று வழங்குகிறார்.

பெயர்கள் பின்னர்ப் பெருகின. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விளக்குகிறது. அதற்குப் பிந்திய கேரண்ட சம்ஹிதை 32 ஆசனங்களைக் கூறுகிறது. 1966இல் பி.கே.எஸ். ஐயங்கார் ஆங்கிலத்தில் வெளியிட்ட யோக நூலில் ஆசனங்கள் 200, ஒளிப்படங்கள் ஏறத்தாழ 600. ஒளிப்படம் வந்தபின் யோகத்துக்கு ஒரு புதிய இடர்ப்பாடும் உடன் வந்தது. படத்தில் இருப்பவரைப் போலத் தன் உடல் வளைகிறதா என்று பார்ப்பது கற்பவரின் வழக்கமாயிற்று. உறுதியும் இன்பமும் படத்தில் தெரிவதில்லை, வளைவு மட்டுமே தெரிகிறது.

அப்படங்களுக்கு நின்ற ஐயங்காரின் இளமைக்காலம் அறியத்தக்கது. 1918ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் கருநாடகத்தின் கோலார்ப் பகுதியிலுள்ள பெள்ளூரில் அவர் பிறந்தார். நச்சுக் காய்ச்சல் உலகெங்கும் பரவியிருந்த ஆண்டு அது. பிறந்தது முதலே நோஞ்சான் பிள்ளை. மலேரியா, டைபாய்டு, காசநோய் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1934இல் தம் தமக்கையின் கணவராகிய கிருஷ்ணமாச்சாரியாரின் வீட்டுக்கு மைசூர் சென்றார். கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகசாலை நடத்தி வந்தவர். அங்கு முதன்முதலில் குனிந்தபோது ஐயங்காரின் விரல்கள் முழங்காலைத் தாண்டவில்லை. இதனைப் பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். கடைசி வரிசைக்குப் போகும் மாணவர் இச்செய்தியை அறிந்திருப்பது நல்லது.

பயிற்சி தொடங்கிச் சில காலத்துக்குள், பார்வையாளர் முன்னிலையில் அனுமனாசனம் செய்து காட்டும்படி அவர் பணிக்கப்பட்டார். ஒரு காலை முன்னும் மற்றொரு காலைப் பின்னும் நீட்டித் தரையோடு தரையாக அமரும் கடினமான ஆசனம் அது. உடல் பழகுவதற்கு முன்பே அதனைச் செய்ததால் தொடைத் தசைகள் கிழிந்து நீண்ட நாள் துன்புற்றார். 1937இல், 18 வயதில், யோகம் கற்பிப்பதற்காகப் புனே நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கு அவரிடம் பயில வந்த கல்லூரி மாணவர்கள் அவரைவிட உடல்வலிமை மிக்கவர்கள். அவருக்கோ மராத்தி மொழி தெரியாது. மொழி தெரியாத ஊரில், தன்னிலும் வலியவர்களுக்கு ஆசிரியராக நிற்பது எத்தகைய நிலை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஐயங்கார் கண்டறிந்த வழி எளியது. கை தரையை எட்டவில்லையா? தரையைக் கைக்குக் கொண்டுவருக. மரக்கட்டை, பட்டை, கயிறு, நாற்காலி, திண்டு, மடித்த போர்வை ஆகியவற்றை அவர் ஆசனப் பயிற்சிக்குத் துணைக்கருவிகள் ஆக்கினார். புனேயில் 1975இல் திறக்கப்பட்ட அவரது பயிற்சி நிலையத்தில் சுவரில் கயிறுகள் தொங்குவதைக் காணலாம். முதியோரும் நோயுற்றோரும் அவற்றின் துணையால் பயில்கின்றனர். பள்ளி மாணவருக்கு இத்தனையும் வேண்டியதில்லை. ஒரு துண்டைப் பாதங்களைச் சுற்றிப் போட்டு அதன் இரு முனைகளையும் பற்றிக்கொண்டால் போதும். முதுகு கூன் விழாமல் நிமிர்ந்திருக்கும், மூச்சும் தடைப்படாது. துண்டைப் பிடித்துச் செய்வது தாழ்ந்த பயிற்சி என்று எண்ணுவோர் இன்றும் உளர். மூக்குக்கண்ணாடி அணிந்து படிப்பது தாழ்ந்த படிப்பு என்று எவரும் சொல்வதில்லையே!

கை ஏன் எட்டுவதில்லை என்பதற்கு உடலமைப்பே காரணம். தொடையின் பின்புறத் தசைகள் இடுப்பெலும்பின் அடியில் தொடங்கி, முழங்காலைக் கடந்து, கீழ்க்கால் எலும்புகளில் முடிகின்றன. காலை நீட்டிக் குனியும்போது இரு முனைகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கப்படுகின்றன. நாளெல்லாம் பெஞ்சியில் முழங்கால் மடித்து அமர்ந்திருப்பவருக்கு அத்தசைகள் நீண்டு பழகுவதில்லை. உயரம் விரைந்து கூடும் வளரிளம் பருவத்தில் சிலருக்கு இறுக்கம் கூடுதலாகவே தோன்றும். சிலருக்குக் கைகளைவிடக் கால்கள் நெடியவை. இவற்றுள் எதுவும் குற்றமன்று.

எட்டவில்லை என்பதற்காக உடலை உலுக்கி உலுக்கி முன்னே தள்ளுவது மாணவரிடையே மிகுதியாகக் காணப்படும் பிழை. தசைக்குள் இழுவிசையை உணரும் நுண்ணுறுப்புகள் உள்ளன. தசை திடீரென்று இழுக்கப்பட்டால், அது கிழிந்துவிடாமல் காக்கும் பொருட்டு, அதனைச் சுருங்கச் செய்யும் ஆணை தண்டுவடத்திலிருந்து அக்கணமே பிறக்கிறது. எனவே உலுக்குபவர் எந்தத் தசையை நீட்ட விரும்புகிறாரோ அதனையே சுருங்கச் செய்கிறார். மெல்லக் குனிந்து, எட்டிய இடத்தில் நின்று, ஐந்தாறு முறை மூச்சை நீள விட்டால் அவ்விறுக்கம் சற்றுத் தளர்வதை எவரும் உணரலாம். பின்னால் நின்று முதுகை அழுத்தி 'உதவி' செய்யும் நண்பரை அன்போடு விலக்கிவிடுவதே நலம்.

வலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுமா என்பது அடுத்த வினா. தசையின் நடுப்பகுதியில் மந்தமாகத் தோன்றி, ஆசனத்தை விட்டதும் தணியும் இழுப்பு அஞ்சத்தக்கது அன்று. மூட்டில் ஊசி குத்துவதுபோல் எழும் வலியும், மரத்துப்போதலும், மின்னல்போல் ஓடும் வலியும் உடனே நிறுத்துக என்னும் அறிகுறிகள். பத்மாசனம் இதற்குத் தக்க சான்று. முழங்கால் பெரும்பாலும் கதவுக் கீல்போல் மடங்கி நிமிரும் மூட்டு. முறுக்கித் திரும்பும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு, அவ்வேலை இடுப்பு மூட்டுக்குரியது. இடுப்பு திரும்பாத நிலையில் பாதத்தை இழுத்துத் தொடைமேல் ஏற்றினால் அம்முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கிக் குருத்தெலும்பைப் புண்படுத்தும். போர்வையை மடித்து அதன்மேல் சம்மணமிட்டு அமர்வதும் ஆசனமே. உறுதியும் இன்பமும் அதில் உண்டு.

உணவு, இடம் பற்றிய வினாக்களுக்கு விடை சுருக்கமானது. வயிறு நிறைய உண்டபின் மூன்று நான்கு மணி நேரம் கழித்தே ஆசனம் செய்ய வேண்டும். காலையில் வெறும் வயிறு உகந்தது. வழுக்காத விரிப்பும் தளர்வான உடையும் போதும். உயர் குருதியழுத்தமோ கண்ணழுத்த நோயோ உடையவர்கள் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். மூச்சை நெடுநேரம் அடக்கும் பயிற்சியைத் தக்க ஆசிரியர் அருகில் இல்லாமல் மாணவர் செய்தல் கூடாது. மாதவிடாய் நாள்களில் தலைகீழ் ஆசனங்கள் வேண்டா என்பது பல பயிற்சி மரபுகளின் அறிவுரை. அந்நாள்களில் ஓய்வு வேண்டும் மாணவி, வகுப்பின் முன் காரணம் சொல்லாமலே ஓய்வெடுக்க வழி இருத்தல் வேண்டும். இஃது ஆசிரியர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி.

பல மாநிலத்தாரும் பல சமயத்தாரும் ஒருங்கே பயிலும் மத்தியப் பள்ளிகளில் மற்றொரு வினாவும் எழுகிறது. "சூரிய வணக்கம் செய்தால் அது வழிபாடு ஆகிவிடாதா?" என்பது அது. கதிரவனைத் தொழும் வழக்கம் பழைமையானது. ஆனால் பன்னிரண்டு நிலைகளாகத் தொடுத்த உடற்பயிற்சியாக அது நாடெங்கும் பரவியது அண்மைக் காலத்தில்தான். இன்றைய மராட்டிய மாநிலத்தில் அடங்கிய ஔந்து சமத்தானத்தின் மன்னர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி 1920களில் அதனை எல்லாரும் பயிலத்தக்க பயிற்சியாகப் பரப்பினார். மந்திரம் சொல்ல விரும்புவோர் சொல்லலாம், விரும்பாதோர் மூச்சை எண்ணிக்கொண்டு செய்யலாம். தசைகளுக்கு அவ்வேறுபாடு தெரியாது. ஜூன் 21ஆம் நாளைப் பன்னாட்டு யோகா நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2014 டிசம்பரில் அறிவித்தபோது, அத்தீர்மானத்தை 177 நாடுகள் இணைந்து முன்மொழிந்தன. அவற்றில் பல சமயங்களைச் சார்ந்த நாடுகளும் அடங்கும்.

உடலின் இடர்ப்பாடு இவ்வாறிருக்க, "கண்ணை மூடினால் மனம் எங்கெங்கோ ஓடுகிறதே" என்னும் முறையீடு பழைமையானது. பதஞ்சலி இதற்கென ஒரு பட்டியலே தந்திருக்கிறார். நோய், மந்தம், ஐயம், கவனக்குறைவு, சோம்பல், புலன் நாட்டம், மயக்கக் காட்சி, நிலையை எட்டாமை, எட்டிய நிலையில் நிற்க இயலாமை என ஒன்பது தடைகளை அவர் எண்ணிக் காட்டுகிறார். அவை மனத்தின் தடைகளே. ஆயினும் இன்றைய வகுப்பறையில் எழும் முறையீடுகளுள் அப்பட்டியலில் அடங்காதது அரிது. இத்தடைகளோடு உடன் தோன்றும் அடையாளங்கள் என உடல் நடுக்கத்தையும் சீரற்ற மூச்சையும் அவர் சேர்த்துச் சொல்வது கருதத்தக்கது. ஆசனத்தில் நிற்பவரின் கால் நடுங்கி மூச்சு திணறுகிறது என்றால், அவர் தம் எல்லையைக் கடந்துவிட்டார் என்று பொருள். நெற்றி முழங்காலில் பதிந்திருந்தாலும் அப்பொருள் மாறாது. முழங்காலோடு நின்றவரின் மூச்சு சீராக ஓடுமானால், பதஞ்சலி கூறிய இலக்கணம் அவரிடமே பொருந்துகிறது.

மூச்சுக்கும் உள்ளத்துக்கும் உள்ள தொடர்பை மாணவர் தாமே சோதித்தறியலாம். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெல்ல மூச்சை இழுத்து, அதைவிட மெல்ல விட வேண்டும். இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும் விடும்போது சற்றுத் தணிவதையும் இளவயதினர் பலர் தெளிவாக உணர்வர். மூச்சை விடும்போது இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் நரம்பின் செயல் மேலோங்குவதே காரணம். தேர்வு மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வருமுன் உள்ள அந்த ஐந்து நிமிடங்களில் இப்பயிற்சியைச் செய்து பார்க்கலாம். விரிப்பும் வேண்டா, வளைதலும் வேண்டா, அருகிலிருப்பவருக்குத் தெரியவும் தெரியாது.

இறுதியாகச் செய்யப்படும் சவாசனம் எல்லார்க்கும் பிடித்தமானது. மல்லாந்து படுத்து அசையாதிருத்தல்தானே என்று எண்ணுவர். ஹடயோகப் பிரதீபிகையின் 15 ஆசனங்களுள் இதுவும் ஒன்று. காண்பதற்கு எளிதாயினும் கைவரப்பெறுவதற்கு மிக அரியவற்றுள் ஒன்று என்பது ஐயங்காரின் கருத்து. ஒரு நிமிடத்துக்குள் ஒருவருக்கு மூக்கு அரிக்கிறது, மற்றொருவர் கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்க்கிறார், மூன்றாமவர் குறட்டை விடுகிறார். அவரைக் கண்டு வகுப்பு சிரிக்கிறது. சவாசனத்தில் உறங்குவது பிழையா என்றால், விழிப்போடு தளர்ந்திருப்பதே அதன் நோக்கம் என்பது விடை. ஆயினும் காலை ஏழரை மணிக்கு ஒரு பிள்ளை திடலில் படுத்த உடனே உறங்கிவிடுமானால், அவ்வுறக்கம் முந்தைய இரவுக்கு உரியது. அதனை அதட்டி எழுப்ப வேண்டியதில்லை. கை கால் விரல்களை மெல்ல அசைக்கச் சொல்லி, வலப்புறம் ஒருக்களித்து, கையை ஊன்றி எழச் செய்தால் போதும். அன்று இரவு எத்தனை மணிக்குப் படுக்கைக்குச் செல்லப் போகிறாய் என்று தனியே அழைத்துக் கேட்கலாம்.